மூன்று நாழிகை வழி

"மதுரையிலேர்ந்து பிளேன்ல போனா எம்புட்டு நேரம் தம்பி?"

கன்னிவாடி பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் வைத்து அந்தப் பெரியம்மா கேட்டார். ஆடலூர்ப் பக்கம் காப்பித் தோட்டத்தில் வேலை பார்த்து ஓய்ந்தவர். 1970களில் வந்தவர் என்றாலும் ஐம்பது வருசம் கழிந்தும் எங்கள் ஊரில் அவருக்குப் பெயர் 'சிலோன்காரம்மா'தான். பிறந்தது அட்டன் பக்கத்து லயம் ஒன்றில். தங்கச்சி அங்கேயே நின்றுவிட்டார்.

"கொழும்புக்கா? ஒரு மணி நேரம் பெரியம்மா" என்றேன்.

"இங்கேருந்து மதுரை ஏரோட்ராமுக்குப் போயிச் சேரவே மூணு மணி நேரமாகுமே!" என்று சிரித்தார். அப்புறம் சிரிப்பு நின்றது. "ஒரு மணி நேரத் தூரத்துக்கா எங்கள ரயிலு, கப்பலு, மண்டபம் கேம்புன்னு அலைய விட்டாங்க?"

பதில் சொல்லத் தெரியவில்லை. தமிழ் எம்.ஏ. படித்தவனிடம் இதற்கெல்லாம் பதில் இருக்காது. எங்கள் பாடத்தில் கடல் என்றால் நெய்தல், பிரிவு என்றால் பாலை, அவ்வளவுதான். வீட்டுக்கு வந்து உலகப் படத்தை எடுத்து வைத்துக்கொண்டு கணக்குப் போட்டுப் பார்த்தேன். போட்டதில் கிடைத்தவை விசித்திரமாக இருந்தன. அவற்றின் பின்னால் இருக்கிற வரலாறு அதைவிட விசித்திரம்.

விமான நிலையங்களுக்கிடையிலான தூரம் என்று அட்டவணைகள் சொல்வது பூமியின் வளைவின்மேல் இரண்டு புள்ளிகளை இணைக்கும் மிகக் குறுகிய கோட்டின் நீளம். மலை, கடல், எல்லை எதுவும் அந்தக் கோட்டுக்குக் கிடையாது. அப்படி அளந்தால் மதுரையிலிருந்து கொழும்பின் கட்டுநாயக்கா சுமார் 355 கிலோமீட்டர். சென்னையிலிருந்து யாழ்ப்பாணத்துப் பலாலியும் ஏறக்குறைய அதே 355 கிலோமீட்டர். பலாலியிலிருந்து கொழும்புக்குத் தெற்கே உள்ள இரத்மலானை 330. அதாவது யாழ்ப்பாணத்துக்காரருக்குத் தன் நாட்டுத் தலைநகரமும் சென்னையும் கிட்டத்தட்ட ஒரே தொலைவு. மதுரையும் பலாலியும் ஏறத்தாழ ஒரே அட்சரேகையில் இருக்கின்றன. இடையில் 220 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. மதுரையிலிருந்து சென்னைக்கோ 415. எங்கள் மாவட்டத்து ஆட்கள் கோட்டைக்கு மனுக் கொடுக்கப் போகிற தூரத்தில் பாதி போனால் பலாலி வந்துவிடும். திருச்சியிலிருந்து இன்னும் குறைவு, 185.

எண்களை வைத்துக்கொண்டு 'கூப்பிடு தூரம்', 'தொப்புள்கொடி' என்று மேடையில் முழங்கலாம். முழங்கிக்கொண்டுதான் இருக்கிறோம். எனக்கு அந்தக் கூப்பிடு தூரம் என்ற சொல்லிலேயே ஒரு சந்தேகம். கூப்பிட்டால் கேட்கும் என்பது சரி. கேட்டவர் வர முடியுமா என்பது அந்தச் சொல்லுக்குள் இல்லை. அதைவிட நேர்மையான சொல் ஒன்று நம்மிடம் இருந்தது: நாழிகை வழி. "அந்த ஊர் ரெண்டு நாழிகை வழி" என்பார்கள் பழைய ஆட்கள். நடப்பவரின் கால், வெயில், தலைச்சுமை எல்லாம் சேர்ந்த அளவு அது. மைல்கல் நட்ட பிறகு தூரம் நடப்பவரிடமிருந்து பிரிந்து ரோட்டுக்குச் சொந்தமாகிவிட்டது. விமானம் வந்ததும் வேடிக்கையாக நாழிகை வழி திரும்பி வந்தது. சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் எத்தனை கிலோமீட்டர் என்று யாரும் கேட்பதில்லை. எத்தனை மணி நேரம் என்றுதான் கேட்கிறோம். இன்றைய அட்டவணைப்படி சென்னை–பலாலி ஒன்றேகால் மணியிலிருந்து ஒன்றரை மணி. நாழிகை 24 நிமிஷம் என்றால் மூன்று நாழிகைக்குச் சற்று மேலே. இந்த மூன்று நாழிகை யாருடையது என்பதுதான் கேள்வி.

இந்த வான்பாதையின் கதை தபால்பையில் தொடங்குகிறது. 1932 அக்டோபர் 15ஆம் தேதி ஜே.ஆர்.டி. டாட்டா ஒற்றை எஞ்சின் புஸ் மாத் விமானத்தில் கராச்சியிலிருந்து அகமதாபாத் வழியாகப் பம்பாய்க்குத் தபால் கொண்டுவந்தார். அங்கிருந்து பெல்லாரி வழியாகச் சென்னைவரை ஓட்டி வந்தவர் நெவில் வின்சென்ட். லண்டனிலிருந்து இம்பீரியல் ஏர்வேஸ் கராச்சிவரை கொண்டுவந்து போட்ட கடிதங்கள்தான் அந்தப் பையில் பெரும்பகுதி. ஆகாயத்தில் முதலில் பறந்தவை வியாபாரிகளின், அதிகாரிகளின் காகிதங்கள், மனிதர்கள் அப்புறம். 1938இல் அந்தப் பாதை சென்னையிலிருந்து திருச்சி வழியாகக் கொழும்புவரை நீட்டப்பட்டது. மறுவருடம், 1939 ஆகஸ்டில், இந்திய அரசாங்கம் தொழிலாளர்கள் இலங்கைக்குக் கூலி வேலைக்குப் போவதைத் தடை செய்தது. தடைக்கான காரணங்கள் வேறு. இலங்கை அரசு இந்தியத் தினக்கூலிகளை வேலையை விட்டு நிறுத்தியதற்கு எதிர்வினை அது. என்றாலும் அடுத்தடுத்த வருடங்களில் கடிதத்துக்கு வானம் திறந்ததும் காலுக்குக் கடல் மூடியதும் எனக்குத் தற்செயலாக மட்டும் படவில்லை.

கால்கள் போன வழியைச் சொல்ல வேண்டும். 1830களிலிருந்து காப்பிக்காகவும், காப்பி நோய் கண்டு அழிந்த பிறகு தேயிலைக்காகவும், திருச்சி, சேலம், மதுரை, திருநெல்வேலி ஜில்லாக்களிலிருந்து கங்காணிகள் ஆள் கட்டிக்கொண்டு போனார்கள். 1876–78 பஞ்சம் எங்கள் வறண்ட சீமையிலிருந்து எத்தனை குடும்பங்களைத் துரத்தியது என்பதற்கு ஊரில் கதைகள் இன்னும் இருக்கின்றன. போனவர்களில் கணிசமானோர் பள்ளர், பறையர், சக்கிலியர். தோணியில் மன்னார்க் கரையில் இறங்கி, காட்டுவழியே மாத்தளைவரை நடை. பேதியும் காய்ச்சலும் வழியிலேயே தின்றவர்களுக்குக் கணக்கில்லை. 1914இல் பாம்பன் பாலம் திறந்து, தனுஷ்கோடியிலிருந்து தலைமன்னாருக்குக் கப்பல் விட்டு, எழும்பூரில் எடுத்த ஒரே டிக்கெட்டில் கொழும்புவரை போகலாம் என்றானது. போட் மெயில் என்று இன்றைக்கும் அந்த ராமேஸ்வரம் ரயிலுக்குப் பெயர் இருக்கிறது, போட்டுதான் இல்லை.

அந்த ஒரே டிக்கெட்டிலும் இரண்டு நேரங்கள் இருந்தன. மேல்வகுப்புப் பயணி இரவு ரயிலேறிக் கடல் தாண்டிப் போய்க்கொண்டே இருந்தார். தோட்டத்துக்குப் போகிறவர் மண்டபத்தில் இறக்கப்பட்டார். இந்திய மண்ணில் இலங்கை அரசு நடத்திய தொற்றுத்தடுப்பு முகாம் அது. மருந்து நீராட்டம், அம்மைக்குத்து, சில நாள் காவல், கழுத்தில் அல்லது கையில் தகரச் சீட்டு. கடல் என்னவோ 22 மைல்தான். ஒரே ரயில், ஒரே கடல். ஒருவருக்கு ஒரு இரவு, இன்னொருவருக்கு ஒரு வாரம்.

பால் விரிலியோ என்ற பிரெஞ்சுக்காரரைப் படித்த தோழர்கள் இங்கே குறுக்கிடக்கூடும். 1977இல் வெளிவந்த 'வேகமும் அரசியலும்' நூலில் அவர் நவீன அதிகாரத்தை நிலத்தின்மீதான பிடியாக அல்ல, வேகத்தின்மீதான பிடியாகப் படிக்கச் சொன்னார். வேகம் தூரத்தைத் தின்கிறது என்பது அவரது கவலை. ஐரோப்பாவில் உட்கார்ந்து பார்த்தால் அப்படித்தான் தெரியும். பாக் நீரிணையில் உட்கார்ந்து பார்த்தால் வேறொன்று தெரிகிறது: இங்கே தூரத்தைத் தின்றது வேகமல்ல, அனுமதி. அனுமதி இல்லாத இடத்தில் தின்ற தூரத்தையே கக்கியும் வைத்தது.

1947 டிசம்பர் 10. ஏர் சிலோன் என்ற புதிய கம்பெனியின் முதல் பயணிகள் விமானம் இரத்மலானையிலிருந்து கிளம்புகிறது. 'சீதா தேவி' என்று பெயர் சூட்டப்பட்ட டக்கோட்டா. போன இடம் லண்டனல்ல, சிங்கப்பூரல்ல. காங்கேசன்துறை—அதாவது இரண்டாம் உலக யுத்தத்தில் பிரிட்டிஷ் விமானப்படை போட்ட பலாலி ஓடுபாதை—அங்கே இறங்கி, பிறகு சென்னை. சுதந்திரம் பெற இரண்டு மாதம் இருக்கிற ஒரு நாட்டின் தேசிய விமானம் தன் முதல் கோட்டை யாழ்ப்பாணம் வழியாகச் சென்னைக்குப் போட்டது. ராமாயணத்தில் சீதை புஷ்பக விமானத்தில் போனது எந்தத் திசை, இந்தச் சீதை போனது எந்தத் திசை என்று யாராவது கேலி பேசியிருப்பார்கள்.

டக்கோட்டாவின் நடைவேகம் மணிக்கு 270, 300 கிலோமீட்டர் அளவில். பலாலி–சென்னை 355 கிலோமீட்டரை அது பறக்க ஒன்றேகால் மணி பிடித்திருக்கும். இன்றைக்கு அதே பாதையில் பறக்கும் ஏடிஆர் 72 விமானம் மணிக்கு 500 போகக்கூடியது. ஆனால் அட்டவணையில் போடும் நேரம் சக்கரம் நகரத் தொடங்கியதிலிருந்து மறுபடி நிற்பதுவரை. ஓடுபாதைக்கு ஊர்வது, ஏறுவது, வரிசையில் காத்து இறங்குவது எல்லாம் அதற்குள் அடக்கம். குறைந்த தூரத்தில் வேகத்துக்குப் பெரிய மரியாதை கிடையாது. ஆக, எழுபது எண்பது வருட முன்னேற்றத்துக்குப் பிறகும் அதே மூன்று நாழிகை. இயந்திரத்தின் பக்கம் எதுவுமே மாறாத ஒரு பாதையில்தான் மற்ற எல்லாம் மாறியது என்பது நமக்கு வசதி. மாற்றத்தின் பழியை இயந்திரத்தின்மேல் போட முடியாது.

அந்தக் காலத்தில் யாழ்ப்பாணத்து நடுத்தர வர்க்கம் பட்டுப்புடவை எடுக்கவும் கச்சேரி கேட்கவும் சினிமாப் பார்க்கவும் சென்னைக்குப் பறந்து வந்து போன கதைகளை அங்குள்ள முதியவர்கள் இன்றும் ஏக்கத்தோடு சொல்கிறார்கள். ஏக்கம் நியாயமானது. நம்மூர் எழுத்தாளர்களும் அதைக் கேட்டு உருகுகிறோம். ஆனால் சீதா தேவி பறந்ததற்கு மறுவருடம், 1948இல், இலங்கை நாடாளுமன்றம் நிறைவேற்றிய குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழர் லட்சக்கணக்கானோரை ஒரே கையெழுத்தில் நாடற்றவர்களாக்கியது. அதைத் தமிழ்க் காங்கிரசின் தலைவர் ஜி.ஜி. பொன்னம்பலம் தடுக்கவில்லை, தொடர்ந்து வந்த வாக்குரிமைப் பறிப்பின்போது அமைச்சராக இருந்தார். எதிர்த்து வெளியேறியவர்கள் செல்வநாயகமும் சிலருமே. மேலே விமானம் பறந்துகொண்டிருந்தது. கீழே மலையில் இருந்தவர்களுக்குக் கிடைத்த பெயர் 'கள்ளத்தோணி'. ஒரே மொழி பேசியவர்கள்தான். ஒருவருக்கு வாகனம் விமானம். இன்னொருவருக்கு வாகனமே வசைச்சொல்.

1964 அக்டோபர் 30இல் சிறிமாவும் சாஸ்திரியும் டெல்லியில் உட்கார்ந்து ஆட்களைப் பங்கு போட்டார்கள். மொத்தம் 9,75,000 பேர் என்று கணக்கு. 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மிச்சம் 1,50,000 பேர் பிறகு பார்த்துக்கொள்ளலாம். பிறகு, 1974இல், இந்திராவும் சிறிமாவும் அந்த மிச்சத்தைப் பாதிப்பாதியாக அறுத்துக்கொண்டார்கள். சம்பந்தப்பட்ட ஒருவரையும் கூப்பிட்டுக் கேட்கவில்லை. ஒப்பந்தம் போட்டு இரண்டு மாதம் முடிவதற்குள் டிசம்பர் 22–23 இரவில் புயல் தனுஷ்கோடியை ரயிலோடு வாரிக்கொண்டு போனது. கப்பலை ராமேஸ்வரத்துக்கு மாற்றி, வேலையைத் தொடர்ந்தார்கள். 'இராமானுஜம்' என்று அந்தக் கப்பலுக்குப் பெயர். சாதி பாராமல் கோபுரமேறி மந்திரத்தைச் சொன்னவர் பெயரில் ஒரு கப்பல், இன்னார் இந்தப் பக்கம் இன்னார் அந்தப் பக்கம் என்று பிரித்து ஏற்றியது.

எங்கள் பெரியம்மா அதில்தான் வந்தார். மலையிலிருந்து தலைமன்னாருக்கு ரயில். ஸ்டேஷனில் தங்கச்சி ஜன்னல் கம்பியை விடவில்லை என்பதை மட்டும் சொல்வார். அதற்குமேல் சொல்ல மாட்டார். பிறகு கப்பல், பிறகு மண்டபம். அவருடைய பாட்டன் போகும்போது மருந்தில் முக்கியெடுத்த அதே மண்டபம். பேத்தி திரும்பும்போது அரிசியும் போர்வையும் கொடுத்துப் பதிந்துகொண்டது. 1983க்குப் பிறகு படகில் வந்து இறங்கியவர்களுக்கும் அதே மண்டபம்தான் வாசல். கூலி, தாயகம் திரும்பியோர், அகதி: மூன்று தலைமுறைக்கு மூன்று பெயர் வைத்தது அரசு. இடத்தை மாற்றவில்லை.

பலாலிப் பாதையும் அதற்குள் அறுந்துவிட்டது. 1970களின் இறுதியோடு பலாலி–சென்னைப் பயணிகள் சேவை நின்றது. 1978 செப்டம்பர் 7இல், ஜெயவர்த்தனாவின் புதிய அரசியலமைப்பு நடைமுறைக்கு வந்த அன்று, யாழ்ப்பாணத்திலிருந்து வந்து இரத்மலானையில் நின்ற ஏர் சிலோனின் ஆவ்ரோ விமானம் குண்டு வெடித்து எரிந்தது. 1984 ஆகஸ்ட் 2இல் சென்னை மீனம்பாக்கத்தில், கொழும்பு விமானத்துக்கென்று வைத்த குண்டு நிலையத்துக்குள்ளேயே வெடித்து முப்பது பேர் அளவில் செத்தார்கள். அதைச் செய்தவர்களும் தமிழர் விடுதலையின் பெயரில்தான் செய்தார்கள் என்பதை நமது பத்திரிகைகள் அத்தனை சுலபமாக மறந்துபோவது ஏன்?

பிறகு பலாலி படைமுகாம். 1990இல் சுற்றியிருந்த வலிகாமம் வடக்குக் கிராமங்களின் சனங்கள் ஓட வேண்டியதாயிற்று. நிலம் உயர் பாதுகாப்பு வலயமானது. ஓடுபாதையின் நீளத்தைக் கிலோமீட்டரில் சொல்வார்கள். அதைச் சுற்றி எத்தனை வீட்டு அடுப்பு அணைந்தது என்பதை எந்த வானூர்தி அட்டவணையும் சொல்லாது.

அரசுகள் நினைத்தால் மட்டும் தூரம் சட்டென்று சுருங்கியது. 1987 ஜூன் 4 அன்று இந்திய விமானப்படையின் ஐந்து ஆன்டனோவ்–32 விமானங்கள், மிராஜ் போர் விமானங்களின் காவலோடு, பெங்களூரிலிருந்து கிளம்பி யாழ்ப்பாணத்தின்மேல் சுமார் 25 டன் நிவாரணப் பொருட்களைப் போட்டுவிட்டுத் திரும்பின. அதற்கு முந்தைய நாள் அதே உதவியைச் சுமந்துபோன படகுகளை இலங்கைக் கடற்படை மறித்துத் திருப்பியிருந்தது. அந்தச் செயலுக்குப் 'பூமாலை' என்று பெயர். கடலில் முடியாதது ஆகாயத்தில் ஒரு பிற்பகலில் முடிந்தது. எட்டே வாரத்தில் அதே பலாலியில் இந்தியப் படை இறங்கியது. அப்போது போட்டது பூமாலை அல்ல.

சாதாரண ஆளுக்கோ 355 கிலோமீட்டர் என்பது வேறாக இருந்தது. யுத்த காலத்தில் யாழ்ப்பாணத்திலிருந்து சென்னைக்கு வர வேண்டுமென்றால்: பாஸ் வாங்கி, இரவில் கிளாலிக் கடல்நீரேரியைப் படகில் தாண்டி—1993 ஜனவரியில் அங்கே நடந்த கொலைகளை நினைவில் வைத்துக்கொண்டு தாண்டி—வன்னி, வவுனியா, சோதனைச் சாவடிகள், கொழும்பில் லாட்ஜ், போலீஸ் பதிவு, விசா, அப்புறம் கட்டுநாயக்காவிலிருந்து 645 கிலோமீட்டர் வடக்கே. அதாவது சென்னைக்கு வர முதலில் சென்னையைவிட்டுச் சுமார் 300 கிலோமீட்டர் விலகிப் போக வேண்டும். மூன்று நாழிகை மூன்று வாரமானது. 1998 செப்டம்பர் 29இல் பலாலியிலிருந்து இரத்மலானைக்குக் கிளம்பிய லயன் ஏர் விமானம் இரணைதீவுப் பக்கம் கடலில் விழுந்து அதிலிருந்த 55 பேரும் மாண்டார்கள். அதோடு தீவுக்குள்ளேயே வடக்குக்கான பயணிகள் விமானம் சில வருடம் இல்லை.

நேரத்தின் அரசியல் கடிகாரத்துக்குள்ளும் புகுந்தது. மின்சாரத்தை மிச்சம் பிடிக்க 1996 மே மாதம் இலங்கை அரசு கடிகாரத்தை ஒரு மணி முன்னே தள்ளியது. அக்டோபரில் அரைமணி பின்னே இழுத்தது. 2006 ஏப்ரல்வரை அது இந்திய நேரத்துக்கு அரைமணி முன்னே ஓடியது. புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த பகுதிகள் அதை ஏற்கவில்லை. பழைய நேரத்திலேயே இருந்தன. ஓமந்தைச் சாவடியைத் தாண்டியவர் நடந்த நேரத்தோடு கைக்கடிகாரத்தின் முள்ளையும் திருப்ப வேண்டியிருந்தது. அந்தப் பத்து வருடத்தின் பெரும்பகுதியில் கிளிநொச்சிக்கும் கன்னிவாடிக்கும் ஒரே நேரம். கிளிநொச்சிக்கும் கொழும்புக்கும் வெவ்வேறு நேரம். இதை எந்தக் கவிஞரும் எழுதாமல் விட்டது ஆச்சரியம்தான்.

யுத்தம் 2009இல் முடிந்தும் பாதை திறக்கப் பத்து வருடம் ஆனது. 2012 செப்டம்பரில் மதுரை–கொழும்பு விமானம் வந்தது. 2019 அக்டோபர் 17இல் பலாலி யாழ்ப்பாணம் சர்வதேச விமான நிலையமாகத் திறக்கப்பட்டது. நவம்பரில் அலையன்ஸ் ஏர் சென்னையிலிருந்து பறந்தது. நான்கு மாதத்தில் கொரோனா. மறுபடி 2022 டிசம்பர் 12. 2024 செப்டம்பரில் இண்டிகோவும், 2025 மார்ச் இறுதியில் திருச்சியிலிருந்து நேர் சேவையும் வந்தன. ஓடுபாதை குட்டை என்பதால் உந்துவிசிறி விமானங்கள்தான். இறங்குகிற நேரத்தில் ஜன்னலுக்கு வெளியே தெரிகிற வெற்றுக் காணிகளில் ஒரு பகுதி இன்னும் உரியவர் கைக்குத் திரும்பவில்லை.

திறந்தது நல்லதுதான். யாருக்குத் திறந்தது என்று பார்க்க நான் வெகுதூரம் போக வேண்டியதில்லை. கன்னிவாடியிலிருந்து திண்டுக்கல் போய், அந்தப் பக்கம் கொஞ்சம் போனால் தோட்டனூத்து. 2022 செப்டம்பரில் முதலமைச்சர் வந்து 321 புதிய வீடுகளைத் திறந்துவைத்த முகாம் அங்கே இருக்கிறது. அதற்கு முந்தைய வருடம் 'அகதிகள் முகாம்' என்ற பெயரை 'மறுவாழ்வு முகாம்' என்று மாற்றினார்கள். பழைய தகரக் கொட்டகையோடு ஒப்பிட்டால் வீடுகள் நல்ல வீடுகள். குறை சொல்ல மனசு வராது. ஆனால் உள்ளே இருப்பவர்கள், இங்கேயே பிறந்து இங்கேயே படித்த பிள்ளைகள் உட்பட, பெரும்பாலோர் சட்டப்படி அனுமதியின்றி வந்தவர்கள், அல்லது அப்படி வந்தவர்களின் மக்கள். 2019 குடியுரிமைத் திருத்தச் சட்டம் மூன்று நாடுகளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டது. இலங்கை அந்தக் கூப்பாட்டில் இல்லை. திரும்பிப் போவோம் என்று நினைக்கிறவர்களுக்கோ வேறு வாசல். 2025இல், ஐ.நா. அகதிகள் அமைப்பின் ஏற்பாட்டில் தமிழ்நாட்டிலிருந்து விமானத்தில் போய்ப் பலாலியில் இறங்கிய முதியவர் ஒருவரை, முன்னொரு காலத்தில் முறையான பத்திரமில்லாமல் நாட்டைவிட்டுப் போனார் என்று அங்கேயே கைது செய்தார்கள். குண்டுக்குத் தப்பிப் படகேறியவர் பாஸ்போர்ட்டில் முத்திரை குத்திக்கொண்டு ஏறியிருக்க வேண்டுமாம். எதிர்ப்புக் கிளம்பிய பிறகு விட்டார்கள். மூன்று நாழிகையில் போய்ச் சேர்ந்தவர் முப்பது வருடத்துக்குப் பின்னால் இறக்கிவிடப்பட்டார்.

பெரியம்மாவுக்கு இந்தச் சிக்கல் இல்லை. அவர் இந்தியப் பிரஜை. ஒப்பந்தப்படி பாஸ்போர்ட்டோடு கப்பலேறியவர். அந்தப் பாஸ்போர்ட்டை ஒரு மஞ்சப்பையில் சுற்றி வைத்திருக்கிறார். காலாவதியாகி எத்தனையோ வருடம். குடும்பப் படம் ஒட்டியது. அவர் புருசனின் மடியில் ஒரு கைக்குழந்தை. அந்தக் குழந்தைக்கு இன்று பேரன் இருக்கிறான்.

போன மாதம் புதுப் பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பம் போட உட்கார்ந்தோம். டிக்கெட்டுக்குச் சீட்டுக்காசு எடுத்து வைத்திருக்கிறாராம். பெயர், தகப்பனார் பெயர், பிறந்த தேதி எல்லாம் ஓடியது. பிறந்த தேதிக்கு ஆதாரம் ஆதார் அட்டை. அதில் ஜனவரி ஒன்று என்று போட்டிருக்கிறது, சிலோன்காரர் பாதிப் பேருக்கு ஜனவரி ஒன்றுதான் பிறந்தநாள். பிறந்த இடம் என்ற கட்டத்தில் நின்றேன். தோட்டத்தின் பெயரைச் சொன்னார். மாவட்டம் கேட்டது. நுவரெலியா என்றேன். மாநிலம் கேட்டது.

"திண்டுக்கல்லுன்னே போடேன் தம்பி. பிறந்த எடம் கேட்டுத்தான அங்க தொரத்துனாங்க."

பேனாவை மூடிவைத்துவிட்டு டீ சொன்னேன். அவர் தங்கச்சிக்கு இந்தக் கார்த்திகையோடு எழுபத்தாறு முடிகிறது.